நீதிமன்றம் ஏறிய நங்கை

ஆழ்வார்குறிச்சியில் கடனா நதிக் கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைத் தொடர் ஒரு நெடுஞ்சுவர்போலத் தோன்றும். அந்தச் சுவருக்கு அப்பால் மலையாள நாடு. சுவர் என்றாலும் வழியில்லாத சுவரன்று. ஊரில் இரயிலேறினால் இரவணசமுத்திரம், கடையம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை எனச் சென்று, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து, புனலூரைத் தாண்டிக் கொல்லத்தில் கொண்டு சேர்க்கும் பாதை 1904ஆம் ஆண்டிலேயே போடப்பட்டுவிட்டது. மீட்டர் பாதையாக இருந்த அது இன்று அகலப் பாதை.

வாசக அன்பர்களே! 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை செங்கோட்டை நம் மாநிலத்தைச் சேர்ந்த ஊரன்று என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க மாட்டார்கள். அது திருவாங்கூர்ச் சீமையில் இருந்தது. தென்காசியைத் தாண்டினால் அடுத்த அரசு. அந்தச் சீமையின் உள்நாட்டு ஊர்களில் ஒன்று பத்தனம்திட்டா. புனலூரில் இறங்கி, கோன்னி வழியாக வடக்கே சென்றால் அவ்வூரை அடையலாம். அங்கு வாழும் இராவுத்தர் குடும்பங்கள் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து மலை கடந்து வந்தவர்கள் என்றே கூறுவர். அவர்களுள் பலருடைய இல்லங்களில் தமிழ் நெடுங்காலம் வீட்டு மொழியாக வழங்கியது. ஆகவே இன்று நாம் பேசவிருக்கும் அம்மையாரை வேற்று நாட்டவர் என்று எண்ண வேண்டுவதில்லை. மலைக்கு மேற்கே போன நம் உறவு என்று எண்ணிக்கொள்ளலாம்.

நீதியரசர் மு. பாத்திமா பீவி அம்மையாரையே குறிப்பிடுகிறேன். வழக்கறிஞராகத் தொடங்கி, முன்சீப்பாகி, படிப்படியாக இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் நம் தமிழ்நாட்டின் ஆளுநராக நான்காண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 2023ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தம் 96ஆம் வயதில் இறையடி சேர்ந்தார்.

அவர் வரலாற்றைத் தொடங்கும் முன் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் இல்லத்தில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அத்தா, நான் சட்டம் படிக்கிறேன்” என்கிறாள். என்ன விடை சொல்வீர்கள்? ஆசிரியப் பயிற்சி என்றால் உடனே தலையசைப்போம். மருத்துவம் என்றால் கடன் வாங்கியாவது படிக்க வைப்போம். சட்டம் என்றவுடன் நம் நாவு தயங்குகிறது. கோர்ட்டு வாசல், போலீசு, கைதிகள், ஆண்கள் கூட்டம், பொய் வழக்கு, எதிர்வாதம் என்று எத்தனையோ சித்திரங்கள் மனத்தில் எழுகின்றன. உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்கிறாள். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இதே வினா பத்தனம்திட்டாவில் ஓர் இல்லத்தில் எழுந்தது. ஆனால் அங்கே நிலைமை தலைகீழ். சட்டம் வேண்டாம் என்று தயங்கியவர் மகள். சட்டம் படி என்று வற்புறுத்தியவர் தந்தை!

அண்ணாவீட்டில் மீரா சாகிபு என்பது அத்தந்தையின் பெயர். அரசாங்க ஊழியர், பெருஞ்செல்வரல்லர். மனைவி கதீஜா பீவி. மக்கள் எண்மர். அவர்களுள் மூத்தவர் 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பிறந்த பாத்திமா. உள்ளூர்ப் பள்ளிகளில் படித்து 1943இல் உயர்நிலைப் படிப்பை முடித்த மகளைத் தந்தை திருவனந்தபுரத்திற்கு அனுப்பினார். அங்குப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற பாத்திமாவுக்கு அத்துறையிலேயே மேற்படிப்புப் படிக்க விருப்பம். மீரா சாகிபுவின் எண்ணமோ வேறு.

அவர் உள்ளத்தில் ஒரு பெண்மணியின் பெயர் பதிந்திருந்தது. திருவாங்கூரில் 1937ஆம் ஆண்டு முன்சீப்பாக நியமிக்கப்பட்ட அன்னா சாண்டி அம்மையாரின் பெயர் அது. இந்தியாவில் நீதிபதி இருக்கையில் அமர்ந்த முதல் பெண் அவரே என்பர். பத்திரிகை நடத்தியவர்; மேடைகளில் மகளிர் உரிமைக்காக வாதாடியவர்; பின்னாளில், 1959இல், கேரள உயர்நீதி மன்ற நீதிபதியுமானார். கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்த அந்த அம்மையாரின் வாழ்வைக் கண்ட முஸ்லிம் தந்தை ஒருவர், நம் மகளும் அப்படி ஆகலாகாதா என்று எண்ணினார். இன்று வாட்ஸப்பிலே வரும் எத்தனையோ செய்திகளைப் பார்த்துவிட்டு அடுத்த கணமே மறந்து விடுகிறோம். அவரோ ஒரு முன்னுதாரணத்தை ஆண்டுக்கணக்கில் மனத்தில் வைத்திருந்து, வேளை வந்தபோது மகளின் கையில் கொடுத்தார்.

மகளும் தந்தை சொல்லைத் தட்டவில்லை. திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் பெண்கள் ஐவர். அடுத்த ஆண்டு மூவராகக் குறைந்தனர். எஞ்சிய மூவருள் ஒருவரான பாத்திமா 1950ஆம் ஆண்டு வழக்கறிஞர் மன்றத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கமும் பெற்றார். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு கொல்லம் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

நம் ஊர் இரயில் பாதையின் மறுமுனையாகிய அதே கொல்லம்!

தலையை மறைத்த ஓர் இளம் பெண் கறுப்புக் கோட்டு அணிந்து கோர்ட்டுக்குள் நுழைந்தபோது புருவங்கள் உயர்ந்தன. உயராமல் இருக்குமா? அந்நாளில் நம் பெண்கள் பெட்டி வண்டியில் திரைபோட்டுச் செல்வார்கள். அம்மையார் திரையையும் கைவிடவில்லை, தொழிலையும் கைவிடவில்லை. தலையை மூடிய துணி வாயை மூடாது என்பதை எட்டாண்டுகள் கொல்லத்தில் வாதாடிக் காட்டினார்.

இங்கே சற்று நின்று மார்க்க நூல்கள் இதைப்பற்றி என்ன கூறுகின்றன என்று பார்ப்போம். ‘பெண் நீதிபதியாகலாமா?’ என்பது நேற்று எழுந்த வினா அன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம்கள் ஆராய்ந்து கருத்து வேறுபட்ட வினா. ஷாபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து, காஜி பதவிக்கு ஆண்மகனே உரியவன் என்பது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வழிவந்த ஹனபீ சட்ட நூல்களோ, ஹுதூது, கிஸாஸ் ஆகிய தண்டனை வழக்குகள் நீங்கலாக ஏனையவற்றில் பெண் அளிக்கும் தீர்ப்புச் செல்லும் என்கின்றன. திருமறை விரிவுரையாளரும் வரலாற்றாசிரியருமான இமாம் இப்னு ஜரீர் தபரீ (ரஹ்) அவர்கள் எல்லா வழக்குகளிலுமே பெண் நீதிபதியாக இருக்கலாம் என்று கருதியதாகப் பிற்கால நூல்கள் குறிப்பிடுகின்றன. நம் இராவுத்தர் சமூகத்தார் பெரும்பாலும் ஹனபீ மத்ஹபைச் சார்ந்தவர்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

பாத்திமா பீவி அம்மையார் அமர்ந்தது காஜியின் இருக்கையில் அன்று. நாட்டின் பொதுச் சட்டப்படி இயங்கும் நீதிமன்றத்தில். ஆதலின் இமாம்களின் விவாதம் அப்படியே அவருக்குப் பொருந்தாது. எனினும் “மார்க்கம் இந்தக் கதவை அடைத்துவிட்டது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள், இந்த விவாதம் எத்துணை விரிவாக நடந்தது என்பதையாவது அறிந்து பேசுதல் நன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்துள்ள நபிமொழிகள் 2,210 என்று ஹதீஸ் அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். நபித் தோழர்களில் மூத்தவர்களே ஐயம் நேர்ந்தபோது திரைக்கு வெளியே அமர்ந்து அன்னையாரிடம் விளக்கம் கேட்டுச் சென்றார்கள். அறிவுரை கேட்கப் போன அந்த ஆண்களுக்கு அதனால் ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

மீண்டும் கொல்லத்திற்கு வருவோம். 1958ஆம் ஆண்டு மே மாதம், தேர்வெழுதி, கேரளக் கீழ்நிலை நீதித் துறையில் முன்சீப்பாக நியமனம் பெற்றார் அம்மையார். முன்சீப் கோர்ட்டு என்றால் என்ன என்பது நம் கிராமத்தவர்க்குத் தெரியாததன்று. வரப்புத் தகராறு, புரோநோட்டுக் கடன், பாகப் பிரிவினை, வாடகை பாக்கி, கிணற்று நீர்ப் பங்கு. பெரிய மனிதர் வழக்குகள் அங்கே வருவதில்லை; ஏழை எளியவரின் வாழ்வு முழுவதும் அங்கேதான் வருகிறது. அரைக்காணி நிலத்திற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டு பத்தாண்டுகள் படியேறும் இடம் அது. அந்தப் படியின் மேலே பத்தாண்டுகள் அமர்ந்து கேட்டார் அம்மையார். 1968இல் சார்பு நீதிபதி; 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர்; 1974இல் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. அமர்வு நீதிபதி என்றால் கொலை வழக்குகளை விசாரிப்பவர். தூக்குத் தண்டனை வழங்கும் அதிகாரம் உடையவர். 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நீதித் துறை உறுப்பினர். 1983 ஆகஸ்டு 4ஆம் நாள் கேரள உயர்நீதி மன்ற நீதிபதி.

இந்த ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞரான நாள் முதல் உயர்நீதி மன்றம் ஏறும்வரை 33 ஆண்டுகள்! ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. செல்வாக்குள்ள மாமனார் இல்லை; அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. கட்சி இல்லை. பெரிய வக்கீல் குடும்பம் இல்லை. கோப்புகளைப் படித்தார், சாட்சிகளைக் கேட்டார், தீர்ப்பு எழுதினார். மறுநாளும் அதையே செய்தார். இதைக் கூறும்போது வாசகர் சிலர்க்குச் சலிப்புத் தட்டலாம். பொதுப் பணியின் பெரும்பகுதி இத்தகைய சலிப்பூட்டும் நாள்களால் ஆனதுதான் என்பது என் கருத்து.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் 62 வயது நிறைந்து உயர்நீதி மன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். வீடு திரும்பினார். ஆறு திங்களுக்குள் தில்லியிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். உச்ச நீதிமன்றம் தொடங்கப்பெற்றது 1950 ஜனவரியில். ஆக, இந்தியக் குடியரசின் மிக உயர்ந்த நீதி இருக்கையில் ஒரு பெண் அமர 39 ஆண்டுகள் ஆயின. அவ்வாறு அமர்ந்தவர் முஸ்லிம் பெண். அடைபட்டிருந்த ஒரு கதவைத் தாம் திறந்ததாக அம்மையாரே பிற்காலத்தில் குறிப்பிட்டதுண்டு. அவருக்குப் பின் 1994இல் சுஜாதா மனோகர், 2000இல் ரூமா பால் என வந்து, 2021ஆம் ஆண்டுவரை பத்துப் பெண்கள் அவ்விருக்கையில் அமர்ந்தனர். 2014இல் சென்ற ஆர். பானுமதி அம்மையார் தமிழகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பதின்மருள் ஒருவர்கூட முஸ்லிம் பெண் அல்லர் என்பதை நாம் பெருமையுடன் கூற முடியாது.

உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது இரண்டரை ஆண்டுகளே. அக்காலத்துத் தீர்ப்புகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1991இல் வந்த கர்நாடக வழக்கு அது. குடிசைப் பகுதி ஒன்றைச் சீரமைப்புக்கு உரியதென்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. அதனால் அங்குக் குடியிருந்த ஏழைகளுக்குச் சில உரிமைகள் உண்டாயின. பின்னர் மற்றோர் அறிவிக்கையால் அரசாங்கம் அதை மாற்றியது. குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாழ்த்தப்பட்டோர், நலிந்த பிரிவினர் நலச் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பை எழுதியவர் பாத்திமா பீவி அம்மையார். ஒருவருடைய உரிமை பாதிக்கப்படும்போது அவரைக் கேட்காமல் முடிவெடுத்தல் ஆகாது, குடிசைவாசியாயினும் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்பளித்தே தீர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு யமன் நாட்டு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளைஞரான அலீ (ரலி) அவர்களை நீதி வழங்க யமனுக்கு அனுப்பினார்கள். இரு தரப்பார் முன்வந்து அமர்ந்தால், முதலாமவர் சொல்லைக் கேட்டதுபோல் மற்றவர் சொல்லையும் கேட்கும்வரை தீர்ப்புரைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியே அனுப்பினார்கள். சட்டக் கல்லூரிகளில் இதை இயற்கை நீதி என்ற பெயரில் கற்பிக்கிறார்கள். நம் பிள்ளைகள் மதரஸாவில் வேறு பெயரில் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

1992 ஏப்ரல் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு. 1993இல் தேசிய மனித உரிமை ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் உறுப்பினர்களுள் ஒருவரானார். பின்னர் 1997 ஜனவரி 25ஆம் நாள் சென்னை இராஜ்பவனில் தமிழ்நாட்டின் ஆளுநராகப் பதவி ஏற்றார். விடுதலைக்குப் பின் இப்பதவியை ஏற்ற முதல் பெண்மணி அவர். மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேந்தர் பொறுப்பும் அவருக்கு வந்தது. நெல்லையில் 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். ஆழ்வார்குறிச்சிப் பரமகல்யாணிக் கல்லூரி அப்பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. மலைக்கு மேற்கே பிறந்த பெண், நம் ஊர் மாணவ மாணவியரின் வேந்தராகக் கிழக்கே வந்தார்.

இதுவரை எழுதியதோடு நிறுத்திவிட்டால் வாசகர்கள் மகிழ்வீர்கள். நம் கூட்டங்களில் அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் பெற்று இறங்கிவிடுவர். வேறு சிலர்க்கோ இதன் பிறகு நடந்தது மட்டுமே நினைவிருக்கிறது. இரண்டும் முறையல்ல. நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் உறவினர்க்கோ எதிராக இருப்பினும் சரியே என்பதன்றோ ‘அந்நிஸா’ அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை? ‘அந்நிஸா’ என்றால் பெண்கள் என்று பொருள். நம்மவர் என்பதற்காக ஒரு நீதிபதியின் வரலாற்றைப் பாதியில் மூடுவது அவருக்கே செய்யும் அநீதி.

முதல் நிகழ்ச்சி 1999ஆம் ஆண்டினது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை உறுதி செய்யப்பட்ட நால்வரின் கருணை மனுக்கள் ஆளுநரிடம் வந்தன. அக்டோபரில் அவற்றை அவர் தள்ளுபடி செய்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறவில்லை. நவம்பரில் சென்னை உயர்நீதி மன்றம் அந்த ஆணையை நீக்கியது: கருணை மனுவில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயற்பட வேண்டும் என்றது. அதன்பின் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், அமைச்சரவை பரிந்துரைத்தபடி, நால்வருள் ஒருவரான நளினியின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆணையும் அம்மையாருடையதே.

இரண்டாவது நிகழ்ச்சி நாடறிந்தது. 2001 மே மாதச் சட்டப் பேரவைத் தேர்தலில் செல்வி ஜெயலலிதாவின் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அவரோ தேர்தலில் நிற்கவே இயலவில்லை. டான்சி நில வழக்கில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்ததால், நான்கு தொகுதிகளிலும் அவருடைய மனுக்கள் தள்ளுபடியாயின. ஆயினும் வென்ற கட்சியின் உறுப்பினர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். ஆளுநர் என்ன செய்ய வேண்டும்? சட்டப் பேரவை உறுப்பினரல்லாத ஒருவரும் ஆறு திங்கள்வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் கூறுகிறது. மக்கள் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டனர். மே 14ஆம் நாள் அம்மையார் அவருக்கு முதலமைச்சர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். தம் செயல் அரசியல் சட்டத்திற்கு உட்பட்டதே என்பது அவர் நிலை.

ஜூன் 30ஆம் நாள் விடியுமுன் முன்னாள் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்டார். மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைதாயினர். தொலைக்காட்சியில் அக்காட்சிகளைக் கண்டு நாடே கொதித்தது. ஆளுநரின் அறிக்கை மத்திய அரசுக்கு நிறைவளிக்கவில்லை. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு ஜூலை முதல் நாள் மத்திய அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அன்றே அம்மையார் பதவி விலகினார். 50 ஆண்டுப் பொதுவாழ்வு ஓர் ஞாயிற்றுக்கிழமையில் இவ்வாறு முடிவுற்றது.

செப்டம்பர் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, அந்த முதலமைச்சர் நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பேரவை உறுப்பினராகும் தகுதியையே இழந்து நிற்பவருக்கு ஆறு திங்கள் சலுகை பொருந்தாது. மக்கள் தீர்ப்பும் அரசியல் சட்டத்திற்கு மேற்பட்டதன்று என்பது அதன் கருத்து. அந்த ஐவருள் ஒருவர் ரூமா பால். பாத்திமா பீவி திறந்த கதவின் வழியே வந்த பெண் நீதிபதி, பாத்திமா பீவியின் முடிவு தவறு என்று கண்ட அமர்வில் இருந்தார். டான்சி வழக்கில் பின்னர் 2001 டிசம்பரில் ஜெயலலிதா விடுதலை பெற்று, இடைத்தேர்தலில் வென்று மறுபடியும் முதலமைச்சரானார் என்பது வேறு கதை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவதைக் கூறிவிடுகிறேன். நீதிபதி என்பவர் தனித்திருந்து முடிவெடுப்பவர். கோப்பைப் படிப்பார், தம் அறிவுக்கு எட்டியதை எழுதிக் கையொப்பமிடுவார், எவரிடமும் ஆலோசனை கேட்க மாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மையாரிடம் ஊறியிருந்த பழக்கம் அது. நீதிமன்றத்தில் அதற்குப் பெயர் சுதந்திரம். ஆனால் ஆளுநரின் இருக்கை வேறு வகையானது. அங்கே பெரும்பாலான செயல்கள் அமைச்சரவையின் சொற்படி; எஞ்சிய சிலவற்றில் சட்டத்தின் எழுத்தோடு அதன் உயிரையும் ஒருசேர நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பார்த்தார், உயிரைப் பார்க்கத் தவறினார் என்பதே என் முடிவு. அவர் ஆதாயத்துக்காக அவ்வாறு செய்தார் என்று அன்று பலர் மேடையில் பேசினர். 22 ஆண்டுகள் பத்தனம்திட்டாவில் அவர் வாழ்ந்த வாழ்வு அப்பேச்சுக்கு இடம் தரவில்லை. பதவி தேடி எந்தக் கட்சியின் வாசலிலும் பின்னர் அவர் நின்றதில்லை.

2023 நவம்பரில் கொல்லத்து மருத்துவமனை ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அதே ஊர். மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தனம்திட்டா ஜும்ஆப் பள்ளி அடக்கத்தலத்தில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது. 2024 ஜனவரி 25ஆம் நாள் பத்மபூஷண் விருதுப் பட்டியலில் அவர் பெயர் வெளிவந்தது. தமிழ்நாட்டு ஆளுநராக அவர் பதவியேற்று அன்றோடு சரியாக 27 ஆண்டுகள்.

இனி, கட்டுரையின் முற்பகுதியில் நாம் விட்டுவந்த அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். “அத்தா, நான் சட்டம் படிக்கிறேன்” என்றவள் விடைக்காக இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பாத்திமா பீவியைப் போல் அவள் பட்டம் பெற்றுவிட்டுத்தான் சட்டம் படிக்க வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பட்டம் பெற்ற அக்கா இருந்தால் அவளுக்கு மூன்றாண்டுப் படிப்பு. தொலைதூரம் அனுப்ப மனமில்லாத பெற்றோர்க்கு நெல்லையிலேயே 1996இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்குப் படித்து முடிப்பவர்க்குப் பட்டம் வழங்குவது சென்னையிலுள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அது 1997இல் அமைக்கப்பட்டபோது மாநில ஆளுநராயிருந்து அதன் வேந்தராகவும் விளங்கியவர் பாத்திமா பீவி அம்மையார்தாம்.

ஆழ்வார்குறிச்சி நிலையத்தில் நின்று பார்த்தால் அதே தண்டவாளம் மேற்கே கொல்லத்துக்கும் கிழக்கே நெல்லைக்கும் போகிறது. விண்ணப்பம் வெளிவரும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிடம் அன்னா சாண்டியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீரா சாகிபு சொன்ன கதை அதுதான்.